பாற்பல்லும் பைந்தமிழும்

விழா மலரிலே தமிழாசிரியர் பல்லைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்குங்கால் முதலில் தோன்றுவதும் பல்லே என்பதை அவர்கள் மறவாதிருப்பாராக! நம் தொழிலுக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு பெரிது. தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்துவதாற் பிறப்பன. வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயைவதாற் பிறப்பது. இது நம் இலக்கண ஆசிரியர் கண்ட உண்மை. கீழ்ப்பிரிவில் வந்து சேரும் சிறார் சிலரிடத்து அம்மேற்பற்களே சூத்தையாகிக் கரைந்திருத்தலை நாம் காண்கின்றோம். “தந்தை” என்னுஞ் சொல்லைத் திருத்தமாகக் கூறமாட்டாது அப்பிள்ளை இடர்ப்படும்போது அதனைக் கடிந்து பயன் யாது?

“விழுந்து முளைக்கும் பல்தானே” என்பார் பலர். இக்கூற்று நன்றன்று. பாற்பற்கள் இருபதும் உண்பதற்கும் உரைப்பதற்கும் உதவுவதோடு, பின்வரும் நிலைப்பற்களுக்கு இடங்காத்தும் நிற்பன. அவை காலத்துக்கு முன் வீழின், நிலைப்பற்கள் நிரை தவறி முளைத்தல் கூடும். அன்றியும், பல்வலியால் இரவெல்லாம் உறங்காத பிள்ளை காலையில் வகுப்பிலிருந்து எதனைக் கற்கும்?

சூத்தை விளையுமாறு எங்ஙனம்? வாயில் வாழும் பற்றீரியாக்களுட் சில, சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் புறத்தேயுள்ள மிளிரி என்னும் வன்படையைக் கரைக்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த சுண்ணச்சத்தை மீட்டளிக்கும். ஆயின் அதற்கு அரைமணி நேரமளவு வேண்டும். அவ்விடைவெளி கிடையாதவாறு அடிக்கடி இனிப்புண்ணும் பிள்ளையின் பல் மீளுமாறில்லை. 1945 முதல் 1953 வரை சுவீடன் நாட்டிலே, விப்பெகொல்ம் என்னும் அறிவு வளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் நிகழ்ந்த ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. உணவோடு உண்ட சீனியினும், உணவுக்கிடையே உண்ட ஒட்டும் இனிப்பே பெருங்கேடு செய்தது. தம் விருப்பைக் கூறவியலாதாரை அங்ஙனம் ஆய்வுக்குட்படுத்தியமை அறமன்று. எனினும் அதனாற் புலப்பட்ட உண்மையை ஒதுக்குதல் இயலாது.

இக்காலத்திலே “பிறீபயோற்றிக்கு” என்றொரு சொல் வழங்குகின்றது. 1995 இல் கிப்சன், றோபர்புறோயிட் என்னும் அறிஞரிருவர் இதனை ஆக்கினர். உடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகி அவற்றை வளர்க்கும் பொருள் என்பது கருத்து. தாய்ப்பாலில் இயற்கையாய் அமைந்த சில சர்க்கரைப் பொருள்கள் குழந்தையின் குடலிலே இத்தொழிலைச் செய்வன. வாய்க்கும் அத்தகைய பொருள்களை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். அவற்றுட் குறிப்பிடத்தக்கது ஆர்ஜினீன் என்னும் அமினோ அமிலம். உமிழ்நீரிலும் சிறிதளவுள்ள இதனை நல்ல பற்றீரியாக்கள் சில சிதைத்து அமோனியாவை வெளிவிடும். அமோனியா அமிலத்தைத் தணிக்கும். நட்பை வளர்த்துப் பகையை ஒடுக்கும் இம்முறை நமக்கும் உவப்பானதே.

ஆயினும் ஒன்று கூறுதல் நம் கடன். வயிற்றுக்கு நன்மை செய்யும் பிறீபயோற்றிக்குச் சில, வாயிலே அமிலமாக மாறவும் கூடும். இளங்குழந்தையரின் பல்லை இவை தனித்து நின்று காக்கும் என்பதற்கு இன்னும் போதிய சான்றில்லை. பிறீபயோற்றிக்கு என எழுதிய பேணி ஒன்றை வாங்கி, சீனியும் கலந்து ஊட்டுதல், பயிருக்கு உரமிட்டுக் களைக்கும் நீரிறைத்தலை ஒக்கும். முதலில் வேண்டுவது களையைப் பட்டினி போடுதல்.

சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்தபடி பிள்ளையை உறங்கவிடுதல் ஆகாது. மேல் முன்பற்கள் முதற்கண் அழிதற்கு அதுவே பெருங்காரணம். தேநீரோடு கடிக்கும் பனங்கட்டியும், பல்லில் ஒட்டும் பனாட்டும் நம் மண்ணின் பொருள்களே; ஆயின் பற்றீரியா அவ்வேற்றுமை அறியாது. அவற்றை உணவு வேளையோடு அளவாகக் கொடுத்தல் நன்று. முதற்பல் முளைத்த நாள்தொட்டுக் காலையும் இரவும் புளோரைட்டுப் பற்பசையாற் பல் துலக்கல் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவு. ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. விழுங்காது உமிழப் பழக்குதலும் வேண்டும். நம் நாட்டின் வறண்ட பகுதிகளிற் சில இடங்களில் கிணற்றுநீரிலேயே புளோரைட்டு மிகுந்திருத்தலின், அளவு கடத்தல் தகாது.

இனி, பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழா நாளிற் சிறுவர்க்கு இனிப்புப் பொட்டலம் வழங்குவது வழக்கம். அவ்வன்பை நாம் குறை கூறோம். ஆயின் அதனினும் பெரிய கொடை ஒன்றுண்டு. கீழ்ப்பிரிவிலே நீர்க்குழாய்களை நிரையாக அமைத்து, மதிய உணவின் பின் சிறார் ஆசிரியர் முன்னிலையிற் பல் துலக்க வழி செய்யுங்கள். சிற்றுண்டிச்சாலையில் ஒட்டும் இனிப்பை நீக்கி, அவித்த கடலையும் வாழைப்பழமும் கிடைக்கச் செய்யுங்கள். ஆண்டுதோறும் பற்பரிசோதனை நடைபெற ஆவன புரியுங்கள். கட்டடத்திற் பெயர் பொறித்தலினும், குழந்தையின் குறைவற்ற புன்னகையிற் பெயர் பொறித்தல் சிறந்ததன்றோ?

அன்பர்காள்! தமிழை வளர்ப்போம் என மேடைதோறும் சூளுரைக்கின்றோம். அத்தமிழ் பிறக்கும் வாயையும் பேணுவோமாக. திருவருள் துணை நிற்க. நம் கல்லூரி நீடு வாழ்க!