சும்மா பார்த்துட்டு வந்துடலாம்!

"சாப்பிடலைன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்."

தமிழ் வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை அபூர்வம். பூச்சாண்டிக்கு அடுத்த இடம் டாக்டருக்குத்தான். சோறு இறங்க, தூங்க வைக்க, அடம் அடங்க... எல்லாவற்றுக்கும் ஊசி!

இப்படி மூன்று நான்கு வருடம் பயமுறுத்தி வளர்த்த பிறகு, ஒருநாள் அதே குழந்தைக்கு உண்மையிலேயே ஒரு சின்ன ஆபரேஷன் தேவைப்படுகிறது. குடலிறக்கம் என்று வைத்துக்கொள்வோம். அழும்போதும் இருமும்போதும் தொடை இடுக்கில் வீங்கித் தெரியும். குழந்தைகளுக்கு இது தானாகச் சரியாவதில்லை, அறுவை சிகிச்சைதான் வழி. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். டாக்டருக்கு இது தினமும் செய்கிற வேலை. பெற்றோருக்கு மூன்று நாள் தூக்கம் போகும்.

குழந்தைக்கு? அதற்கு யாரும் எதுவும் சொல்வதே இல்லை. "எங்கம்மா போறோம்?" என்று கேட்டால் வருகிற பதில்: "சும்மா பார்த்துட்டு வந்துடலாம் தங்கம். ஊசியெல்லாம் கிடையாது."

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தப் பொய்யில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, முழுக்க முழுக்கப் பாசம். ஆனால் அதன் ஆயுள் சில மணி நேரம்தான். ஆஸ்பத்திரி உடுப்பு மாட்டி, கையில் ஊசி குத்தி, முகமூடி போட்ட யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போகும்போது குழந்தைக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் புரிகிறது. ஒன்று, வலிக்கப் போகிறது. இரண்டு, அம்மா சொன்னது பொய். முதல் வலி ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். இரண்டாவது?

இந்தக் கேள்வியை எழுபது வருடத்துக்கு முன்பே ஒருவர் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952ல் இங்கிலாந்தில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தை சின்ன ஆபரேஷன் ஒன்றுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததுதான் படம். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோர் கூடவே தங்க முடியாது, வந்து பார்த்துவிட்டுப் போகத்தான் அனுமதி. லாரா பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. கொஞ்ச நாளில் அமைதியாகிவிட்டாள். 'சமத்துக் குழந்தை' என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் கடைசியில் அம்மாவிடமே ஒட்டாமல் விலகி நின்றாள். அழாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தப் படம் காட்டியது. மருத்துவர்களில் பலர் முதலில் கோபப்பட்டார்கள். ஆனால் 1959ல் வெளிவந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைகளுடன் தாய் தங்கவும் வழி செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அம்மா, அப்பா, பாட்டி, சித்தி என்று ஒரு கூட்டமே வார்டில் இருக்கும். உடம்பால் கூடவே இருக்கிறார்கள். உண்மையைச் சொல்வதில்தான் விட்டுவிட்டு ஓடிப்போகிறார்கள்.

"சொன்னால் பயந்துவிடாதா?" என்பது நியாயமான கேள்வி. பயப்படும். ஆனால் சொல்லாவிட்டாலும் பயப்படும், அதுவும் தனியாகப் பயப்படும். எப்போது, எவ்வளவு சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஒருநாள் முன்னால் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்னால் சொன்னால் அந்த வாரம் முழுக்கக் கலவரம்தான். ஆறேழு வயதுப் பிள்ளைக்குச் சில நாள் முன்பே சொல்லலாம், அதற்குக் கேள்வி கேட்க நேரம் வேண்டும்.

சொல்ல வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான்: "இங்க வீங்குதுல்ல, அதைச் சரி பண்ணப் போறாங்க. மருந்து குடுத்துத் தூங்க வைப்பாங்க. தூங்கும்போது வலிக்காது. எந்திரிச்சதும் கொஞ்சம் வலிக்கும், அதுக்கும் மருந்து இருக்கு. அம்மா வெளியிலேயேதான் உட்கார்ந்திருப்பேன்." அவ்வளவுதான். கத்தி, ரத்தம், தையல் எதுவும் தேவையில்லை. கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுப்பதற்கு முன், அந்த ஆஸ்பத்திரி அதற்கு அனுமதிக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

இதே பாசப் பொய்க்கு இன்னொரு முகம் இருக்கிறது. அது மனதை மட்டுமல்ல, உயிரையே தொடும்.

மயக்க மருந்துக்கு முன் வயிறு காலியாக இருக்கவேண்டும். சாப்பாட்டுக்கும் பசும்பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீருக்கு இரண்டு என்பது பல காலமாக இருந்துவரும் கணக்கு. இப்போது சில இடங்களில் இதைவிடக் குறைவாகவும் சொல்கிறார்கள், அந்தந்த மயக்க மருத்துவர் சொல்வதே கணக்கு. காரணம் எளிது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆனால் காலையில் குழந்தை பசியில் சிணுங்கும்போது பாட்டிக்கு மனசு கேட்பதில்லை. "பச்சப்புள்ள, ஒரே ஒரு பிஸ்கட்தானே" என்று யாருக்கும் தெரியாமல் ஊட்டிவிடுகிறார். டாக்டர் கேட்டால், "ஒண்ணும் குடுக்கலைங்க."

சளியும் அப்படித்தான். நல்ல நாள் பார்த்து, அப்பா லீவு போட்டு, பணமும் கட்டியாகிவிட்டது. தேதி தள்ளிப்போய்விடுமே என்று நேற்று ராத்திரி அடித்த காய்ச்சலை மறைத்துவிடுகிறார்கள். சளி இருக்கும் குழந்தைக்கு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதல். ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளிப்போடுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. தள்ளிப்போடலாமா கூடாதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். மறைப்பது பெற்றோரின் வேலையல்ல.

அப்படியானால் பெற்றோர் தியேட்டருக்குள்ளும் கூடப் போகவேண்டுமா? இங்கே உண்மை கொஞ்சம் ஏமாற்றம் தரும். 2015ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, மயக்கம் கொடுக்கும்போது பெற்றோர் பக்கத்தில் நிற்பதால் மட்டும் குழந்தையின் பதற்றம் குறைவதாகத் தெரியவில்லை. கையில் வீடியோ கேம் கொடுப்பது, கோமாளி வேஷம் போட்டவர்கள் வந்து சிரிக்க வைப்பது போன்றவை பலன் தரக்கூடும் என்கிறது அது. யோசித்தால் ஆச்சரியமில்லை. கண்ணீரும் கம்பலையுமாக நிற்கும் அப்பாவைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்குத் தைரியம் வரும்? பதறுகிறவர் வெளியில் உட்காரட்டும், நிதானமானவர் பக்கத்தில் இருக்கட்டும். அது அம்மாவாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டமில்லை.

ஆபரேஷன் முடிந்த பிறகும் ஒரு கட்டம் உண்டு. மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் கத்தும், உதைக்கும், அம்மாவையே அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொள்ளும். சின்னக் குழந்தைகளுக்கு இது சாதாரணம், பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அப்புறம் சில நாள் ராத்திரி விழித்து அழலாம், நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பலாம், முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டே திரியலாம். "ஆம்பளப் புள்ள அழக்கூடாது" என்று அதட்டும் நேரமல்ல அது. வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

ஆக, ஒரு சின்ன ஆபரேஷனில் பெற்றோர் செய்யவேண்டியது பெரிய வீரச்செயல் ஒன்றுமில்லை. குழந்தையிடம் பொய் சொல்லாமல் இருப்பது, டாக்டரிடம் மறைக்காமல் இருப்பது. இந்த இரண்டுதான். ஆனால் இதை ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பிக்க முடியாது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு "டாக்டர் மாமாகிட்ட சொல்லி..." என்று வாய் திறக்கும் அந்த ராத்திரியிலேயே ஆரம்பிக்கவேண்டும்.

சோறு இறங்க வேறு வழியா இல்லை? நிலா இருக்கிறது, காக்கா இருக்கிறது. பாவம், டாக்டரை விட்டுவிடலாமே!