மேலே பார்த்து மரம் நடுங்கள்!

வீட்டுக்கு ஒரு மரம் வேண்டும். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால், அதை எங்கே நடுவது?

ஆதம்பாக்கம் போன்ற இடங்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வாசலில் இருப்பதே கொஞ்சம் மண். கன்று நடுகிறவர்கள் குனிந்து அந்த மண்ணைப் பார்க்கிறார்கள். நிமிர்ந்து பார்ப்பது இல்லை. தலைக்கு மேலே மின்சாரக் கம்பி ஓடுகிறது!

தெருக் கம்பி சுமார் 20 அடி உயரத்தில் இருக்கும். வேப்ப மரம் 50 அடி வளரும். தென்னை அதையும் தாண்டும். இன்றைய சின்னக் கன்று சில ஆண்டுகளில் கம்பியைத் தொட்டுவிடும்.

தொட்டால் என்ன? பச்சை மரத்தில் நீர் இருக்கிறது. மழையில் நனைந்தால் கேட்கவே வேண்டாம். கிளை வழியே மின்சாரம் இறங்கும். மரத்தைத் தொட்டவரின் உயிருக்கே ஆபத்து. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆளைக் கொல்ல அதுவே போதும். 11,000 வோல்ட் கம்பி போகும் தெருக்களும் உண்டு!

2016 டிசம்பர் 12-ந் தேதி 'வர்தா' புயல் வீசியது. சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின் கம்பங்களும் விழுந்தன. பல பகுதிகள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. புயலுக்கு நாம் பொறுப்பு அல்ல. ஆனால், கம்பிக்கு அடியில் நட்ட மரத்துக்கு நாம்தானே பொறுப்பு?

அப்படி நட்ட மரத்தைக் கம்பிக்காக அடிக்கடி ஒரு பக்கமாக வெட்ட வேண்டியிருக்கிறது. பாரம் ஒரு பக்கம் சாய்ந்த மரம் பலத்த காற்றைத் தாங்குமா? இது மரத்துக்கும் நாம் செய்யும் கொடுமை.

ஆகவே, கம்பிக்கு அடியில் செம்பருத்தி, நந்தியாவட்டை, மாதுளை, எலுமிச்சை போன்றவற்றை வையுங்கள். பூவும் உண்டு, காயும் உண்டு. வேம்பும் புங்கனும் பெரிய மரங்கள். கம்பி இல்லாத கொல்லையிலும், பூங்காவிலும், பள்ளி மைதானத்திலும் அவை வளரட்டும்.

ஏற்கெனவே மரம் கம்பியைத் தொடுகிறதா? நீங்களே அரிவாள் எடுக்காதீர்கள். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஊழியர்கள் கிளையை வெட்டுவார்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள், பிறரையும் விடாதீர்கள். 'மின்னகம்' சேவைக்கு 94987 94987 என்ற எண்ணில் உடனே போன் செய்யுங்கள்.

தாய்மார்களே! கம்பி அருகே உள்ள முருங்கையில் காய் பறிக்க இரும்புத் துரட்டியைத் தூக்காதீர்கள். பிள்ளைகளையும் தூக்க விடாதீர்கள். ஒரு முருங்கைக்காய்க்கு ஓர் உயிர் விலையா?