பத்தாயிரம் அடிக் கணக்கு

செம்பூர் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடிக்க விரையும் பெண்கள் பலரின் கைபேசியில் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது: 10,000. தினமும் அத்தனை அடி நடந்தால்தான் ஆரோக்கியம் என்பது ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. அலுவலகம், சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து படுக்கப் போகும்போது கணக்கு ஆறாயிரத்தில் நிற்கும். நான்கு நாள் இப்படியே நின்றால் ஐந்தாம் நாள் நடையே நின்றுவிடும். செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு என்ற எண்ணம்.

அந்த முழு எண்ணைப் பிரபலமாக்கியது மருத்துவ உலகம் அல்ல. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. மறு ஆண்டு, யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் நடக்கும் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மான்போ-கே', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விளம்பரத்துக்கு வாகான எண், உலகம் முழுக்கப் பரவியது.

ஆராய்ச்சி சொல்வது வேறு. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயின் குழு அமெரிக்காவில் 16,741 பெண்களை ஆராய்ந்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களின் சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடையே மரண விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. வயதான அமெரிக்கப் பெண்களின் கணக்கு மும்பையின் நாற்பது வயதுக்காரிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சம் நடப்பதற்கும் பலன் உண்டு என்பது தெளிவு. குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் உடற்பயிற்சி என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில் சேர்க்கவில்லை. மூன்று நிமிடம் மாடிப்படி ஏறினாலும் கணக்கில் சேரும்.

ஒரு நாள் தவறினால்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரிடம் தினம் ஒரு சிறிய பழக்கத்தைத் தொடங்கச் சொல்லிக் கவனித்தார்கள். அது தன்னியல்பாகப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை ஆகலாம் என்பது அவர்கள் கணிப்பு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை. ஆக, விரதம் முறிந்தது போல வருந்தத் தேவையில்லை. மறுநாள் செய்தால் போதும்.

இதையெல்லாம் பெண்ணிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. 2024-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு சர்வேயின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். மாவு வீட்டில்தான் அரைக்க வேண்டும், சாம்பார்ப் பொடி கடையில் வாங்கக் கூடாது, டப்பாவில் நேற்றைய கறி இருக்கக் கூடாது. மாசற்ற குடும்பத் தலைவிக்கான இந்த விதிகளை எழுதியவள் அவள் மட்டும் அல்ல. மாட்டுங்கா மார்க்கெட்டில் அரைத்த மாவு கிடைக்கிறது. அதை வாங்கினால் மிஞ்சும் அரை மணி நேரம்தான் ஃபைவ் கார்டன்ஸில் நடப்பதற்கான நேரம். மாமியார் முகம் சுளிப்பாரே என்று பயந்தால் அந்த நடை இல்லை.

தாராவியின் நிலவரம் வேறு. விடியும் முன்பே இட்லி வேகவைத்து, நகரெங்கும் விற்க அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அந்த அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு நடையைப் பற்றிப் பாடம் எடுப்பது அபத்தம். ஊருக்கெல்லாம் சிற்றுண்டி தரும் அவள் தானும் வேளைக்குச் சாப்பிடுவது, பகலில் கொஞ்ச நேரம் கால் நீட்டிப் படுப்பது இவைதான் அவளுக்கு ஆரோக்கியப் பழக்கங்கள். அவற்றையும் சிறிதாகத்தான் தொடங்க முடியும்: முதல் ஈட்டிலிருந்து இரண்டு இட்லி அவள் தட்டுக்கு.

மூன்று இடங்களிலும் தேவை ஒன்றுதான். அவள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், வீட்டார் குறை சொல்வதை நிறுத்த வேண்டும். அவள் நடந்துவிட்டு வருவதற்குள் கணவர் தோசை வார்க்கலாம். வட்டமாக வராது. சாப்பிட்டுக்கொள்ளலாம்.