மனை விளம்பரத்தில் இரைச்சலையும் எழுதுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

சில மாதங்களாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் ஒரே மாதிரி விளம்பரங்கள் சுற்றுகின்றன. பரந்தூர் விமான நிலையம் வரப்போகிறது, பக்கத்திலேயே மனை, இப்போது விட்டால் பிறகு கிடைக்காது. "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா சொந்தக்காரங்க எல்லாரும் வாங்குவாங்க" என்று மனைத் தொழிலில் இருக்கும் என் மாணவன் ஒருவன் கேட்டான். சொல்ல மாட்டேன். ஏன் என்பதை எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த விளம்பரத்தில் சாலை அகலம் இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது, நிலத்தடி நீர் எத்தனை அடியில் என்பதுகூட இருக்கிறது. விமானம் தலைக்கு மேல் போகும்போது அந்த மனையில் எத்தனை டெசிபெல் சத்தம் இருக்கும் என்பது மட்டும் இல்லை. 2 ஓடுபாதைகள், ஆண்டுக்கு 10 கோடி பயணிகள் என்று திட்டமிட்ட நிலையம் அது. ராத்திரி எத்தனை மணிக்கு எத்தனை விமானம் இறங்கும் என்று கேட்காமல் அங்கே வீடு கட்டுவது, ஆற்றின் போக்கு தெரியாமல் கரையில் வீடு கட்டுவது மாதிரி.

"விமான நிலையம் பக்கத்துல போனா சத்தம் வரும்னு தெரியாதா? தெரிஞ்சுதானே வாங்குறாங்க?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர், கவுல் பஜார் மக்களிடமும் இதையே கேட்கிறார்கள். விமான நிலையம் முதலில் வந்தது, வீடுகள் பிறகுதான் பெருகின, உண்மை. ஆனால் அந்த மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கொடுத்தது யார்? பத்திரம் பதிந்து கட்டணம் வாங்கியது யார்? மின் இணைப்பும் ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் கொடுத்தது யார்? அத்தனைக்கும் முத்திரை குத்திவிட்டு, கடைசியில் வாங்கினவன் தலையில் பழியைப் போடுவது நியாயமா?

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. விமான நிலையத்துக்கு அருகே உயரமாகக் கட்ட வேண்டுமானால் விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். எந்த இடத்தில் எத்தனை மீட்டர் வரை கட்டலாம் என்று வண்ணம் தீட்டிய வரைபடமே இருக்கிறது. அதாவது உன் வீட்டால் விமானத்துக்கு ஆபத்து வரக் கூடாது என்பதில் அரசுக்கு அவ்வளவு அக்கறை. அந்த விமானத்தால் உன் வீட்டுக் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதற்கு அதே மாதிரி ஒரு வரைபடத்தைப் பத்திரப்பதிவு அலுவலகச் சுவரில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். டெசிபெல் என்பது நம் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. 2018-இல் விமான நிலைய இரைச்சல் மண்டலத்துக்குத் தனி வரம்பு வந்தது. பரபரப்பான நிலையங்களில் பகலில் 70, இரவில் 65. இரவுக் கணக்கை மட்டும் பாருங்கள்: 45 எங்கே, 65 எங்கே? சாதாரணத் தெருவில் அனுமதித்ததைப் போல 100 மடங்கு ஒலி ஆற்றல். அந்த மண்டலத்துக்குள் மக்களைக் குடியேற்றலாமா என்பதுதான் என் கேள்வி.

அதுவும் இவையெல்லாம் சராசரிக் கணக்கு. ஒருவன் 100 மதிப்பெண், இன்னொருவன் பூஜ்யம் வாங்கினால் சராசரி 50, இரண்டு பேரும் பாஸ் என்று நான் எழுதியிருந்தால் விட்டிருப்பீர்களா? தூங்குகிற குழந்தை சராசரியைக் கேட்டு விழிப்பதில்லை. ஒரு விமானம் போதும்.

"புது விமானங்கள் சத்தம் குறைவு சார்" என்று பொறியியல் படித்த பிள்ளைகள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் எண்ணிக்கை கூடுகிறதே. ஒரே மாதிரி விமானங்கள் இரண்டு மடங்கு பறந்தால் சராசரி 3 டெசிபெல்தான் ஏறும். காகிதத்தில் அது ஒன்றுமே இல்லை. வகுப்பில் பாடம் தடைபடுவதோ இரண்டு மடங்கு.

வகுப்பு என்று காரணமாகத்தான் சொல்கிறேன். ஜெர்மனியின் மியூனிக்கில் 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடி வேறு இடத்தில் புதிதாகத் திறந்தார்கள். இரண்டு இடத்துக் குழந்தைகளையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். புதிய நிலையத்தின் அருகே இருந்த குழந்தைகளுக்கு வாசிப்பும் நீண்டகால நினைவாற்றலும் குறைந்தன. பழைய நிலையம் மூடிய இடத்தில் அதே திறன்கள் தேறின. குழந்தை அதேதான், சத்தம்தான் மாறியது. இதற்குப் பிறகும் "பழகிப் போயிடும்" என்று யாராவது சொன்னால், எனக்குக் கோபம் வருகிறது. காது பழகலாம். படிப்பில் விட்டது விட்டதுதான்.

உலகத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001-இலேயே நான்கு வழிகளைச் சொல்லிவிட்டது: விமானத்தின் சத்தத்தையே குறைப்பது, சுற்றியுள்ள நிலத்தின் பயன்பாட்டைத் திட்டமிடுவது, பறக்கும் முறையை மாற்றுவது, தேவைப்பட்டால் நேரக் கட்டுப்பாடு விதிப்பது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை அட்டவணை விமானங்களுக்குத் தடை. ஜப்பானின் ஒசாகாவில் ஊருக்குள் இருந்த நிலையத்தின் இரைச்சலுக்கு எதிராக மக்கள் போராடிய பிறகு, 1994-இல் கடலில் செயற்கைத் தீவு அமைத்து அதில் புதிய நிலையம் திறந்தார்கள். நான்கு வழிகளில் மிகவும் மலிவானது இரண்டாவதுதான். ஆனால் அதை வீடுகள் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டும். வந்த பிறகு செய்தால் அதற்குப் பெயர் இடிப்பு.

பரந்தூரில் நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடுகிறார்கள். ஏரியையும் வயலையும் இழக்கப்போகிறவர்களின் பக்கம்தான் என் மனசு. ஆனால் நிலையம் வந்தே தீர வேண்டும் என்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வேலிக்கு உள்ளே நிலம் போனவருக்கு இழப்பீடு என்று ஏதோ ஒன்று இருக்கிறது. வேலிக்கு வெளியே, ஓடுபாதையின் நேர்க்கோட்டில் இருக்கும் ஊருக்கு என்ன இருக்கிறது? சத்தம் மட்டும்தானே?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். எந்தக் கிராமத்தில் எவ்வளவு இரைச்சல் வரும் என்ற வரைபடத்தைத் தமிழில் தயாரித்து, ஊராட்சி அலுவலகத்திலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் ஒட்டுங்கள். அதிக இரைச்சல் வரும் இடத்தில் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனைக்கு அனுமதி தராதீர்கள். கிடங்கு வரட்டும், குளிர்பதனக் கூடம் வரட்டும், விவசாயம் தொடரட்டும். விற்கிறவர் அந்த மனையின் இரைச்சல் அளவைப் பத்திரத்திலேயே எழுதட்டும். ஏற்கெனவே மீனம்பாக்கத்தைச் சுற்றி இருக்கும் பள்ளிகளுக்கு ஒலி தடுக்கும் சன்னலும் கூரையும் அரசுச் செலவில் முதலில் போடுங்கள்.

என் மாணவர்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், அரசு அலுவலகங்களில் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த வரைபடத்தைக் கேட்க 10 ரூபாய்தான் ஆகும். கேளுங்கள். மனை விற்கும் தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அந்த வரைபடத்தைக் கொண்டுவந்து உன் மனையை அதில் காட்டு. இரைச்சல் வரம்புக்கு வெளியே இருந்தால் நானே குழுவில் பகிர்கிறேன். உள்ளே இருந்தால், நம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இல்லை, யாருக்குமே அதை வீட்டு மனை என்று விற்காதே.