சிலேட்டில் வீட்டு வேலை

"பாயைச் சுருட்டு! தட்டைக் கழுவு!" என்று தாய் காலை முதல் சத்தம் போடுகிறாள். பிள்ளை காதில் அது விழுவதில்லை. தாய்க்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இதற்கு ஒரு சிலேட்டு போதும்.

மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டாக இருக்கட்டும். அதில் வெள்ளைப் பெயிண்டால் கட்டம் போட வேண்டும். மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை 7 நாட்கள். இடது பக்கம் 4 வேலைகள்: பாய் சுருட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தின்ற தட்டைக் கழுவுவது, செருப்பை வரிசையாக வைப்பது. எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் படம் போடலாம். பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மாட்ட வேண்டும்.

வேலை முடிந்தால் பலப்பத்தால் ஒரு கோடு. ஞாயிறு இரவு ஈரத்துணியால் துடைத்தால் கோடு போய்விடும், பெயிண்ட் போகாது. மறு வாரமும் அதே சிலேட்டுதான்.

கோடு போட வேண்டியது குழந்தை. தாய் போடக்கூடாது. கோட்டுக்கு ஒரு ரூபாய் என்று ஆசை காட்டவும் வேண்டாம். பிறகு காசு இல்லாமல் தட்டு நகராது!

பல வீடுகளில் சிலேட்டில் பெண் குழந்தையின் பெயரை மட்டும் எழுதுவார்கள். அண்ணன் தின்ற தட்டையும் அவளே கழுவ வேண்டும். இது என்ன நியாயம்? தட்டுக்கு ஆண், பெண் தெரியுமா? பையனுக்கும் ஒரு சிலேட்டு வாங்க வேண்டும். அதிலும் அதே 4 வேலைகள்தான். அப்பா தன் தட்டைத் தானே கழுவினால், பையனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சிலேட்டும் ஒரே சுவரில் அடுத்தடுத்துத் தொங்கட்டும்.