தலைவலிக்கு மருந்து கையிலும் உண்டு

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்பார்கள். தேர்வு நெருங்கினால் நம்மில் பலருக்கும் அது தெரிந்துவிடுகிறது. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போன்ற வலி, இருபுறமும் அழுத்தும், பிடரியும் தோளும் கல்லாகிக் கிடக்கும். இதனை இறுக்கத் தலைவலி என்பர் மருத்துவர். ஒற்றைத் தலைவலியைப் போல் வாந்தி இராது. ஆயினும் அரைமணி முதல் 7 நாள் வரை நீடிக்கும்.

பருத்திப்பட்டிலிருந்து பஸ் ஏறும் மாணவனும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் குனிந்தே வேலை செய்யும் தொழிலாளியும் இதற்கு நாடுவது மாத்திரையைத்தான். என்றோ ஒருநாள் என்றால் குற்றமில்லை. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பது மருத்துவ உலகம் கண்ட உண்மை.

கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் முகத்து நரம்பும் மூளைத்தண்டில் ஒன்றுகூடுகின்றன. அதனால் பிடரியின் வலி நெற்றியில் தெரிகிறது. பயின்ற கைகள் அத்தசைகளை மெல்ல அழுத்தி, நீட்டித் தளர்த்தினால் பலருக்கு வலி குறைகிறது. எல்லாருக்கும் குணமாகும் என்று ஆய்வுகள் சொல்லவில்லை; உண்மைதான். ஆனால் முயன்று பார்க்கத்தக்கது. நம் சித்த மருத்துவமும் தொக்கணத்தை 9 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறதே!

'சலூனிலேயே செய்துகொள்ளலாமே' என்பீர்கள். தலையைப் பிடித்துவிடுவது வேறு. கழுத்தைத் திடீரெனத் திருகிச் சொடக்கு எடுப்பது வேறு. அத்திருகலில் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. திடீரென இடிபோல் தாக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல் இவை இருந்தால் உடனே மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

ஏழை மாத்திரையை நாடுவது அறியாமையால் மட்டுமன்று. மாத்திரை மலிவு, பயின்ற கைக்கு விலை அதிகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. அதே கைகள் வாரம் ஒருநாளேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலைவலிக்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரிக்கும் வந்து, கழுத்துப் பயிற்சியும் அமரும் முறையும் கற்பிக்கட்டும்.

நாட்டின் நாளைய தலைவர்கள் என்று நம்மை மேடைதோறும் அழைக்கிறார்கள். முதலில் அந்தத் தலைகள் வலியின்றி இருக்க வழி செய்வார்களாக!

— இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு