பனியை நாடு கடத்தியவர்கள்

அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதியாட்டம் சூப்பர் பௌல். குளிர் மிகுந்த வடபுல நகரம் ஒன்றில், கூரையில்லாத திறந்த அரங்கில், அது இதுவரை ஒரே ஒருமுறைதான் நடந்திருக்கிறது: 2014 பிப்ரவரி 2 அன்று, நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சியின் மெட்லைஃப் அரங்கில். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 'அந்த ஒரு விபரீதப் பரிசோதனை போதும். இறுதியாட்டம் வெயிலுக்கோ கூரைக்கோ உரியது' என்பாரே இன்று பெரும்பான்மையோர். அவர்கள் சொல்வது பிழை என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

இலக்கிய வாசகர்களிடம் இதை ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். நம் இலக்கணம் ஒரு பாடலின் உரிப்பொருளுக்கும் கருப்பொருளுக்கும் முன்னதாக நிலத்தையும் பொழுதையும் வைத்து, அவற்றுக்கு முதற்பொருள் என்றே பெயரிட்டது. நிலமும் பொழுதும் பின்னால் தொங்கும் திரைச்சீலை அல்ல; நிகழ்வை நிகழ்வாக ஆக்குபவை அவை என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. (அமெரிக்க ஆட்டத்தைச் சங்கத் திணைக்குள் அடைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், அளவுகோலை மட்டுமே கடன் வாங்குகிறேன்.) அந்த அளவுகோலால் பார்த்தால், சூப்பர் பௌலை நடத்துகிற தேசியக் கால்பந்து லீக், அதாவது என்.எஃப்.எல்., தன் ஆட்டத்தின் முதற்பொருளைத் தானே வெட்டி எறிந்திருக்கிறது.

அறியாதவர்களுக்கு ஒரு சொல். இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டிய, உடலோடு உடல் மோதும் ஆட்டம். செப்டம்பரில் தொடங்கி, இலையுதிர் காலத்தைக் கடந்து, கடும் பனிக்காலத்தில் முடிகிறது. அதாவது, பருவம் ஏற ஏற ஆட்டமும் கடினமாகிக்கொண்டே போகும்படி அமைந்தது அதன் நாட்காட்டி. இறுதிக் கட்டம் வந்ததும் திடீரென்று மயாமிக்கோ லாஸ் ஏஞ்சலிஸுக்கோ விமானம் ஏறுவது, ஐந்தாம் அங்கத்தை வேறொரு நாடகத்திலிருந்து எடுத்து ஒட்டுவதற்கு ஒப்பாகும்.

முதலில் இப்படி இருக்கவில்லை. 1933 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லீக்கின் இறுதியாட்டம், பெரும்பாலும் மோதும் இரு அணிகளில் ஒன்றன் சொந்த ஊரிலேயே, திறந்தவெளியில் நடந்தது. 1934 டிசம்பரில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம் உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. மூன்றாம் கால்பகுதி முடிவில் 13–3 எனப் பின்தங்கியிருந்த நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியினர், மன்ஹாட்டன் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கி வந்த கூடைப்பந்துக் காலணிகளை அணிந்துகொண்டு, கடைசிக் கால்பகுதியில் 27 புள்ளிகள் குவித்து சிகாகோ பேர்ஸை 30–13 என்று வென்றனர். 1948இல் ஃபிலடெல்ஃபியாவில் பனிப்புயல்; மைதானத்தின் மீது விரித்திருந்த தார்ப்பாயைப் பனிப்பாரத்தோடு இழுத்து அகற்ற ஆட்டக்காரர்களே கைகொடுத்தார்கள். ஒரே ஒரு டச் டவுனில், 7–0 என்ற கணக்கில், வெற்றி தீர்மானமாயிற்று.

பிறகு 1967 டிசம்பர் 31. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே என்னும் சிற்றூரில் டல்லஸ் கௌபாய்ஸுக்கும் ஊர் அணியான பேக்கர்ஸுக்கும் லீக் இறுதியாட்டம். உறைநிலைக்கு 25 பாகை செல்சியஸ் கீழே. மைதானத்தின் அடியில் பதித்திருந்த வெப்பக் கம்பிகள் பயனற்றுப் போயின. இசைக்குழுவின் கருவிகள் உறைந்தன. நடுவர் ஒருவரின் உதட்டில் உலோக விசில் ஒட்டிக்கொண்டது; அதன்பின் நடுவர்கள் குரல் கொடுத்தே ஆட்டத்தை நடத்தினர். முடிய 16 வினாடிகள் இருக்கையில் பேக்கர்ஸ் மூன்று புள்ளி பின்னே. பந்து எல்லைக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு கெஜம் இப்பால். இடைநிறுத்தம் கேட்கும் உரிமையும் தீர்ந்துவிட்டது. பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்திருக்கலாம். குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் யாரிடமும் பந்தைக் கொடாமல் தானே முட்டி மோதி உள்ளே விழுந்தார். 21–17.

அந்த அணி இரண்டு வாரம் கழித்து மயாமியின் இதமான காற்றில் இரண்டாவது சூப்பர் பௌலையும் 33–14 என்று வென்றது. அந்த ஆட்டத்திலிருந்து ஒரு காட்சியைச் சொல்லும்படி எந்த ரசிகரையேனும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விழிப்பார். 'ஐஸ் பௌல்' என்ற பெயரோ அரை நூற்றாண்டு கடந்தும் வாழ்கிறது. மக்களின் நினைவு தன் தீர்ப்பை வழங்கிவிட்டது. லீக்தான் அதைக் கேட்கவில்லை.

லீக் வகுத்துக்கொண்ட விதி இது: இறுதியாட்டத்தை நடத்தும் ஊரின் அக்காலச் சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் குறையலாகாது, குறைந்தால் அரங்குக்குக் கூரை வேண்டும். 2010 மே மாதம் நியூ ஜெர்சிக்காக மட்டும் இவ்விதியைத் தளர்த்தினார்கள். உடனே எழுந்தன மூன்று வாதங்கள். இன்றும் அவைதாம் திரும்பத் திரும்ப ஓதப்படுகின்றன.

முதல் வாதம்: குளிர் ஆட்டத்தைக் கெடுத்துவிடும், திறமை தோற்று வானிலை வெல்லும். 2014இல் நடந்தது என்ன? ஆட்டம் தொடங்கியபோது வெப்பநிலை ஏறத்தாழ 9 பாகை. நியூ ஆர்லியன்ஸ் என்னும் தென்னக நகரில் 1972இலும் 1975இலும் நடந்த இறுதியாட்டங்கள் இதைவிடக் குளிரானவை. 1972இல் 4 பாகைதான். சியாட்டில் சீஹாக்ஸ் 43–8 என்று டென்வர் பிரான்கோஸை நொறுக்கியதற்குக் காரணம் சியாட்டிலின் தடுப்பாட்டமே. முதல் பந்தே டென்வரின் பேட்டன் மேனிங்கின் தலைக்கு மேல் பறந்து பன்னிரண்டாவது வினாடியில் எதிரணிக்குப் புள்ளியானதற்குப் பனியா பொறுப்பு? பனிப்புயல் மறுநாள்தான் வந்தது என்று மடக்குவார்கள். வந்தது, சென்ட்ரல் பார்க்கில் 8 அங்குலம் பெய்தது. ஒருநாள் முன்னதாக வந்திருந்தால்? அதற்கெனவே ஆட்டத்தை வேறு நாளுக்கு மாற்றும் திட்டத்தை லீக் கையில் வைத்திருந்தது. கூரைக்கு மாற்று நாட்காட்டி என்பதை லீக்கே ஒப்புக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இறுதிக்கு முந்தைய சுற்று எங்கே நடக்கிறது? அணிகளின் சொந்த ஊர்களில், ஜனவரியில். 2008 ஜனவரி 20 அன்று கிரீன் பேயில் உறைநிலைக்கு 18 பாகை கீழே ஆடி, கூடுதல் நேரத்தில் 23–20 என வென்றுதான் நியூயார்க் ஜயண்ட்ஸ் இறுதிக்கு வந்தது. பிப்ரவரி 3 அன்று அரிசோனாவின் கூரையிட்ட அரங்கில் அந்த இறுதியாட்டம். இறுதிக்குத் தகுதியானவர் யார் என்று பனி முடிவு செய்யலாம். வெற்றியாளர் யார் என்று மட்டும் முடிவு செய்யலாகாது. இது என்ன நியாயம்? ஜனவரியில் வீரம், பிப்ரவரியில் விபரீதமா?

இரண்டாம் வாதம்: கூரை உறுதி தரும், திறந்தவெளி நிச்சயமற்றது. 2013இல் நியூ ஆர்லியன்ஸின் கூரையிட்ட சூப்பர்டோமில் மின்சாரம் போய், இறுதியாட்டம் 34 நிமிடம் நின்றது. 2011இல் டெக்சஸின் ஆர்லிங்டனில் அரங்கக் கூரையிலிருந்து சரிந்த பனிக்கட்டி தொழிலாளர்களைக் காயப்படுத்தியது. 2010 டிசம்பரில் மினியாபொலிஸின் மெட்ரோடோம் கூரை பனிப்பாரத்தால் கிழிந்து விழுந்தது. எட்டு நாள் கழித்து மின்னசோட்டா வைகிங்ஸ் பல்கலைக்கழகத் திறந்த அரங்கில் ஆடியது. உலகம் அழியவில்லை. 2007இல் மயாமியில் மழை கொட்டியது. அந்த மழையில் நின்று பாடிய பிரின்ஸின் இடைவேளை நிகழ்ச்சியைத்தான் இன்றும் ஆகச் சிறந்ததென்று கொண்டாடுகிறார்கள்.

எல்லைக்கு அப்பால் கனடாவைப் பாருங்கள். 1909 முதல் வழங்கப்படும் கிரே கோப்பையின் இறுதியாட்டம் நவம்பர் வாக்கில், பெரும்பாலும் வெட்டவெளியில் நடக்கிறது. 1962இல் டொரொண்டோவில் மூடுபனி பந்தை மறைத்தபோது ஆட்டத்தை நிறுத்தி மறுநாள் முடித்தார்கள். 1977இல் மான்ட்ரியாலில் உறைந்த களத்தில் வழுக்காதிருக்க, உள்ளூர் ஆட்டக்காரர்கள் காலணிகளின் அடியில் ஸ்டேப்லர் ஊசிகளை அடித்துக்கொண்டு வென்றார்கள். அந்நாட்டார் இவற்றை வெட்கத்தோடு அல்ல, குடும்பக் கதைகளைப் போலச் சொல்கிறார்கள்.

மூன்றாம் வாதம் ரசிகர் நலன். இதை மட்டும் நான் மதிக்கிறேன். ஏனெனில் குளிர் கவிதை மட்டுமன்று. 2024 ஜனவரி 13 அன்று கான்சஸ் சிட்டியில் உறைநிலைக்கு 20 பாகை கீழே நடந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களில் சிலர் பனிக்கடியால் விரல்களை இழந்தனர். இதை மறைத்துவிட்டு வீரம் பேசுவது அறமாகாது. ஆனால் அந்த ஆட்டம் இரவில் நடந்ததே, ஏன்? ஒளிபரப்புக்காக. ஐஸ் பௌல் நண்பகல் கடந்து தொடங்கிய ஆட்டம். இன்றைய சூப்பர் பௌல் நியூயார்க் கணக்கில் மாலை ஆறரைக்குத் தொடங்குகிறது. ரசிகர் நலனில் உண்மையான அக்கறை இருந்தால் முதலில் மாற வேண்டியது ஊர் அன்று, நேரம். நியூ ஜெர்சியிலும் மக்கள் வதைபட்டது குளிரால் அல்ல. வாகன நிறுத்தத்தைச் சுருக்கி எல்லோரையும் ரயிலுக்கு அனுப்பியதில், செக்காக்கஸ் நிலையத்தின் நெரிசலிலும் வெக்கையிலும் அவர்கள் தவித்தார்கள்.

நிற்க. அந்த ரசிகர்தான் யார்? 2014 வாக்கில் இருந்த பங்கீட்டின்படி, மோதும் இரு அணிகளுக்கும் சேர்த்தே சுமார் 35 விழுக்காடு நுழைவுச்சீட்டுகள். லீக்கின் கையில் மட்டும் 25 விழுக்காடு. மீதி பிற அணிகளுக்கு. பருவம் முழுதும் பனியில் நின்று கத்தியவர் இறுதி நாளில் சிறுபான்மை. குளிருக்கு அஞ்சுவது அவர் அல்லர். அவர் பெயரைச் சொல்லி, விருந்தினர்கள் அஞ்சுகிறார்கள்.

இந்த அச்சத்துக்கு விலை கொடுப்பவர் வேறு. மினியாபொலிஸில் 2016இல் திறக்கப்பட்ட கூரையிட்ட அரங்கின் செலவு ஏறத்தாழ 110 கோடி டாலர், அதில் 49.8 கோடி பொதுப்பணம். 2018இல் இறுதியாட்டம் அங்கே வந்தது. வெளியே உறைநிலைக்கு 17 பாகை கீழே. உள்ளே குளிர்காலம் என்ற ஒன்று இருப்பதற்கே அடையாளமில்லை. அரங்கு வேறு நிகழ்ச்சிகளுக்கும் பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் புது அரங்கு கட்டும் ஊர்களின் முன் இறுதியாட்டம் என்ற மிட்டாயை ஆட்டிக் காட்டுவதும் உண்மை. கிளீவ்லாந்து அணி தன் ஏரிக்கரைத் திறந்த அரங்கை விட்டுவிட்டுப் புறநகரில் கூரையிட்ட அரங்கு கட்டத் திட்டமிட, 2025இல் ஒஹாயோ மாநிலம் 60 கோடி டாலர் தர முடிவெடுத்தது. பஃபலோவோ 85 கோடி டாலர் பொதுப்பணத்தோடு, பிடிவாதமாகக் கூரையில்லாத அரங்கையே தேர்ந்தது. தன் வானத்துக்கு உண்மையாக இருந்த அந்த ஊருக்கு இவ்விதி தரும் பரிசு, இறுதியாட்டம் ஒருநாளும் கிடைக்காது என்பதே.

'சிற்றூர்களில் விடுதிகள் போதா' என்பது கடைசிப் புகலிடம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பேயில்தான் 2025 ஏப்ரலில் லீக் தன் ஆட்டக்காரர் தேர்வு விழாவை நடத்தியது. மூன்று நாளில் மொத்தம் ஆறு லட்சம் வருகை என்று லீக்கே பெருமையோடு அறிவித்தது. வெயில் அடித்தால் போதுமான ஊர், பனி விழுந்தால் போதாத ஊராகிவிடுமா?

நான் கேட்பது பெரிதன்று. அந்தப் 10 பாகை விதியை நீக்குங்கள். நான்காண்டுக்கு ஒருமுறையேனும் வடபுலத் திறந்த அரங்கு ஒன்றுக்கு இறுதியாட்டத்தைக் கொடுங்கள். நண்பகலில் தொடங்குங்கள்; புயல் வந்தால் மறுநாள் ஆடுங்கள்; உயிருக்கு ஆபத்தான குளிர் எனில் தள்ளி வையுங்கள். எப்போது தள்ளுவது என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும், விளம்பரதாரர்கள் வேண்டாம்.

சூப்பர் பௌலில் வென்றவர் கையில் கொடுக்கப்படும் கோப்பைக்கு வின்ஸ் லோம்பார்டி என்று பெயர். உறைந்த களத்தில் அன்று பார்ட் ஸ்டாரை உள்ளே அனுப்பிய பேக்கர்ஸ் பயிற்சியாளர் அவர்தான். அவர் பெயரை வெள்ளியில் பொறித்து, தெற்கிலும் மேற்கிலும் ஊர் ஊராக ஏந்திச் செல்கிறார்கள். அவரை அவராக்கிய ஊரில் அதை ஒருமுறையும் கொடுத்ததில்லை; இவ்விதி இருக்கும்வரை கொடுக்கப்போவதும் இல்லை.